மார்லியின் நான்கு சிடிகள்: பேஸைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்

நான் பேஸ் கிட்டார் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிப்பவன். அதனால் நான் சொல்லப்போவதில் ஓரவஞ்சனை கொஞ்சம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் 'சாங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' பெட்டித் தொகுப்பு 1992இல் வந்தது. நான்கு சிடி, 78 பாட்டு. 1962இல் கிங்ஸ்டனில் லெஸ்லி காங் என்ற தயாரிப்பாளருக்காக, மீசை முளைக்காத வயதில் மார்லி பாடிய 'ஜட்ஜ் நாட்' முதலில் வருகிறது. 1980 செப்டம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க் மேடையில் பாடிய 'ரிடெம்ப்ஷன் சாங்' கடைசியில். இதைக் கையில் எடுக்கும் பலரும் நேரே தெரிந்த பாட்டுக்குத் தாவுவார்கள். அதெல்லாம் எங்கு போனாலும் கிடைக்கும். இந்தப் பெட்டியின் பெறுமதி முதல் சிடியிலும் இரண்டாவதின் முன்பாதியிலும் இருக்கிறது. நேரம் குறைவு என்றால் அதை மட்டுமாவது ஒழுங்காகக் கேளுங்கள்.

கேட்கும் கருவியை முதலில் கவனியுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் ரெக்கே கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். பேஸ் கழன்றுவிடும், மிச்சம் இருப்பது கிட்டாரின் சக்சக் மட்டும். சுமாரான ஹெட்போன் போதும். 'பேஸ் பூஸ்ட்' பொத்தானை அணைத்துவிடுங்கள். அது எல்லாச் சுரத்தையும் ஒரே உறுமலாக்கிவிடும், எந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஷஃபிளையும் அணையுங்கள். இந்தத் தொகுப்பில் வரிசைதான் கதை.

முதல் சிடியை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். தயாரிப்பாளர் மாறும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். 'சிம்மர் டவுன்' வரும்போது தயாரிப்பாளர் காக்ஸன் டாடின் ஸ்டூடியோ ஒன் காலத்துக்கு வந்துவிட்டோம். பின்னால் வாசிப்பவர்கள் ஸ்காடலைட்ஸ் கலைஞர்கள். ரெக்கேக்கு முந்தைய வேகமான ஜமைக்கா இசையான ஸ்காவில் பேஸ் நிற்காமல் நடக்கும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மேலே கத்திக்கொண்டிருக்க, அது கீழே அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டே இருக்கும். அதை மட்டும் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். குரலைக் கொஞ்ச நேரம் மறந்தாலும் பாவமில்லை.

1966 வாக்கில் ஜமைக்காவில் ஸ்காவின் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி என்ற நிதானமான பாணி வருகிறது. வெய்லர்ஸ் குழுவின் பாடகர்களான மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் மூவரும் டாடை விட்டு விலகிச் சொந்தமாக இசைத்தட்டு லேபிள் தொடங்கிய காலமும் கிட்டத்தட்ட இதுதான். 'பெண்ட் டவுன் லோ', 'நைஸ் டைம்' போன்ற பாட்டுகளில் பேஸ் நடப்பதை விட்டுப் பேச ஆரம்பிக்கிறது: இரண்டு சுரம், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று சுரம். அந்த இடைவெளிதான் பிற்பாடு ரெக்கேயின் உயிர். வேகம் குறைந்ததால் மூவரின் கோரஸுக்கும் இடம் கிடைத்தது. பன்னியின் உச்சக் குரலைத் தேடிப் பிடியுங்கள். பெட்டியின் மேல் மார்லி பெயர் மட்டும் இருப்பதால் மற்ற இருவரும் பக்கவாத்தியம் போலத் தோன்றும். எனக்கு இந்தத் தொகுப்பில் இருக்கும் ஒரே மனக்குறை அதுதான்.

அப்புறம் தயாரிப்பாளர் லீ பெரி. 'சோல் ரெபெல்', 'ஸ்மால் ஆக்ஸ்', 'டப்பி கான்கரர்'. இங்கே ஒருநாள் முழுக்கத் தங்கினாலும் தகும். பெரியின் குழுவான அப்செட்டர்ஸில் பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட், டிரம்ஸ் வாசித்த தம்பி கார்ல்டன் பாரெட், இந்த இருவரும் பிறகு மார்லியோடே வந்துவிட்டார்கள். கடைசிவரை அவர்கள்தான் அடித்தளம். ஆஸ்டனை 'ஃபேமிலி மேன்' என்பார்கள். 2024இல்தான் காலமானார்.

கார்ல்டனின் 'ஒன் டிராப்' புரிய ஒரு வழி இருக்கிறது. விரல்விட்டு நான்கு எண்ணுங்கள். ராக் பாட்டில் ஒன்றில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும். இங்கே ஒன்று காலி. மூன்றில்தான் கிக்கும் ஸ்நேரும் (குச்சியால் அடிக்கும் டிரம்) சேர்ந்து விழும். எடுப்பு சமத்தில் இல்லாமல் தள்ளி வரும் கீர்த்தனைகளைத் தாளம் போட்டுக் கேட்டவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பிடிபட்டதும் ஆஸ்டனைக் கவனியுங்கள். பல இடங்களில் அவரும் அந்த ஒன்றை விட்டுவிட்டுத்தான் நுழைவார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் மௌனமாவதைக் கேட்க அத்தனை சுகம்.

இரண்டாவது சிடியில் 1971இல் ஸ்வீடனில் பதிவான ஒரு கோவை இருக்கிறது. மார்லியும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் மட்டும், பாட்டுக்குப் பாட்டு தாவிக்கொண்டே போவார். ஒலி சுத்தமாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஸ்டிர் இட் அப்' வரும் இடத்தில் நிறுத்தி, முதல் சிடிக்குப் போய் அதே பாட்டின் பழைய 1967 வடிவத்தைக் கேளுங்கள். பிறகு 1973இன் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தில் இருப்பதையும் கேளுங்கள். ஒரே பாட்டு, மூன்று உடை. நடுவில் இருப்பது எலும்புக்கூடு, மற்ற இரண்டிலும் அதன்மேல் யார் எதைப் போர்த்தினார்கள் என்று தெரியும்.

'கேட்ச் எ ஃபயர்' பற்றி ஒரு வார்த்தை. ஜமைக்காவில் பதிவான நாடாக்களை ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் லண்டனுக்குக் கொண்டுபோய், ராக் ரசிகர்களுக்காக மேலும் வாத்தியங்களைச் சேர்த்தார். 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டின் கிட்டார் சோலோ வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கருடையது. அதே பாட்டில் பேஸ் ஆஸ்டன் அல்ல, ராபி ஷேக்ஸ்பியர். கை மாறியது தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிகிறது, ஆனால் நான் இதே வேலையாக இருப்பவன்.

மூன்றும் நான்கும் வேகமாகப் போகலாம். 1974இல் டாஷும் பன்னியும் விலகிவிட்டார்கள். அவர்கள் குரல் இருந்த இடத்தில் ரீட்டா மார்லி, ஜூடி மோவாட், மார்சியா கிரிஃபித்ஸ் மூவரும் ஐ-த்ரீஸ் என்று பாடுகிறார்கள். 1976 டிசம்பரில் மார்லி வீட்டில் சுடப்பட்டார், பிறகு லண்டன் போனார், அங்கே 'எக்ஸோடஸ்' பிறந்தது. இந்தக் காலத்துப் பாட்டுகளை ஆல்பம் ஆல்பமாகக் கேட்பதே முறை. பெட்டியில் இருப்பது ருசி பார்க்க. எத்தியோப்பியப் பேரரசரும் மார்லியின் ராஸ்தஃபாரி நம்பிக்கையில் கடவுளுமான ஹைலே செலாசி இறந்ததாக 1975இல் செய்தி வந்தபோது அதை ஏற்க மறுத்துப் பாடிய 'ஜா லிவ்' மட்டும் விதிவிலக்கு. அது எந்த ஆல்பத்துக்காகவும் செய்யப்பட்டதல்ல, தனி சிங்கிளாக வந்தது. தவறவிடாதீர்கள்.

பிட்ஸ்பர்க் பாட்டைக் கேட்கும் முன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நியூயார்க் பூங்காவில் ஓடும்போது மயங்கி விழுந்தார். புற்றுநோய் பரவியிருந்தது. அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. 1981 மே 11இல், 36 வயதில் இறந்தார்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் 2001 டீலக்ஸ் பதிப்பு. லண்டனில் சேர்த்தவை இல்லாத ஜமைக்கா வடிவமும் அதில் உண்டு. பிட்ஸ்பர்க் கச்சேரி முழுவதும் வேண்டுமென்றால் 2011இல் 'லிவ் ஃபாரெவர்' என்ற பெயரில் வந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலாவதை வாங்குங்கள், பேஸ் அதில்தான் தெளிவு.