ஓபி வாசல்ல கூட்டம் நிக்கும்போது பேஷன்ட் சொல்றத காது குடுத்து கேக்கறது எப்படி

பேஷன்ட்கிட்ட பொறுமையா பேசுங்கன்னு ட்ரெய்னிங்ல எல்லாரும் சொல்லிட்டு போயிடுவாங்க, வெளிய 50 பேர் நிக்கும்போது அந்த பொறுமைக்கு எங்க போறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால இங்க கருணை, அன்புன்னு பேசப்போறதில்ல, டாக்டரோ நர்ஸோ யாரா இருந்தாலும் இருக்கற நேரத்துக்குள்ளயே செய்யக்கூடிய விஷயங்கள் மட்டும்தான்.

மொதல்ல நேரக் கணக்கு, ஏன்னா எல்லாருக்கும் பயமே அங்கதான். பேச விட்டா நிறுத்த மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு. 1984ல அமெரிக்காவுல பெக்மேன், ஃப்ராங்கல்னு ரெண்டு பேர் டாக்டரும் பேஷன்டும் பேசினத ரெக்கார்ட் பண்ணி பாத்தப்ப, பேஷன்ட் வாயத் தொறந்து சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பூந்துட்டார்னு தெரிஞ்சுது. குறுக்க பேசாம விட்டா? சுவிட்சர்லாந்துல ஒரு டீம் அதையும் செஞ்சு பாத்து 2002ல எழுதினாங்க. சராசரி 92 செகண்ட், நூத்துக்கு 78 பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானாவே முடிச்சுட்டாங்க. இத்தனைக்கும் அது சிக்கலான கேஸெல்லாம் ரெஃபர் ஆகி வர்ற இடம்.

சரி, அந்த ரெண்டு நிமிஷமே இல்லாத எடம் இருக்கேன்னா, ஆமா இருக்கு. 67 நாட்டுல கன்சல்டேஷன் நேரத்த தொகுத்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, பங்களாதேஷ்ல 48 செகண்ட், ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல. 48 செகண்ட்ல உக்காந்துட்டு இருக்கறவர்கிட்ட போய் எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம் குடுங்கன்னு சொல்றது அநியாயம். அங்க ஆள் பாத்துதான் குடுக்கணும்: அதே கம்ப்ளைன்டோட திரும்பத் திரும்ப வர்றவங்க, புதுசா ஏதோ சொல்றவங்க, மருந்து குடுத்தும் கேக்காதவங்க, இவங்களுக்கு மட்டுமாவது அந்த ரெண்டு நிமிஷம். மத்த ஃபாலோ அப்ப வேகமா முடிச்சா தப்பில்ல.

ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாடியே கேஸ் ஷீட்ட ஒரு கண்ணு பாத்துடுங்க, "போன தடவ பாத்தத படிச்சுட்டேன், இப்ப எப்படி இருக்கு சொல்லுங்க"ன்னு ஆரம்பிங்க, பழைய கதை முழுசையும் அவங்க மறுபடி சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் கீபோர்ட்லேர்ந்து கைய எடுத்துடுங்க. "எத்தன நாளா, எங்க வலி, சளி இருக்கா"ன்னு அடுக்க ஆரம்பிச்சீங்கன்னா அதோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவங்க நீங்க கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வாங்க. இங்கிலாந்துல 1975ல வந்த ஒரு ஆய்வுல 80 புது பேஷன்ட்ல 66 பேருக்கு, ஹிஸ்டரி, அதாவது நோய் வந்த கதைய, கேட்டு முடிச்சப்பவே டாக்டர் இன்ன நோய்னு சொன்ன டயக்னோசிஸ்தான் கடைசில சரின்னு வந்துச்சு, அதனால கேக்கறதுல போன நேரம் வீண்னு நெனக்காதீங்க.

அவங்க முடிச்ச உடனே, நீங்க ஆராய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, "வேற என்ன சொல்லணும்னு வந்தீங்க?"ன்னு கேட்டுடுங்க. கதவுகிட்ட போய் திரும்பி நின்னு "டாக்டர், அப்புறம் நெஞ்சுல ஒரு மாதிரி…"ன்னு ஆரம்பிக்கறவங்க எல்லா ஓபிலயும் உண்டு, முக்கியமானது பாதி நேரம் அதுதான். "வேற ஒண்ணும் இல்லல்ல?"ன்னு கேட்டா இல்லன்னுதான் தலையாட்டுவாங்க. நாலஞ்சு பிரச்சன வந்துடுச்சுன்னா இன்னிக்கு எத பாக்கலாம்னு அவங்களையே கேளுங்க, அதுல ஆபத்தா ஏதாவது இருந்தா அத நீங்க முன்னால இழுத்துக்கோங்க. நிறுத்தாம பேசறவங்கள வெட்டியும் ஆகணும், ஆனா அவங்க சொன்ன வார்த்தைய வச்சே வெட்டுங்க, "தூக்கமே இல்லன்னீங்களே, அத கொஞ்சம் சொல்லுங்க"ன்னா கோவம் வராது.

இன்னொரு கேள்வி, "இது என்னவா இருக்குமோன்னு உங்களுக்கு மனசுல ஏதாவது ஓடுதா?" தலைவலின்னு வந்தவருக்கு மாத்திரை வேண்டாம், சொந்தத்துல ஒருத்தருக்கு மூளைல கட்டி வந்துச்சு, தனக்கும் அதுவான்னு தெரியணும், அவ்ளோதான். அத கேக்காம அனுப்பினா அடுத்த வாரம் மறுபடி வந்து நிப்பார்.

இப்ப மருந்து. ஆளுக்கேத்த கவனிப்புன்னு பெருசா பேசறாங்க, என்னக் கேட்டா அதுல முக்கால்வாசி ப்ரிஸ்க்ரிப்ஷன் எழுதற நேரத்துலதான் இருக்கு. பிபிக்கு யூரின் போக வைக்கற மாத்திரைய காலைல போடச் சொல்றோம், அவரு பஸ் டிரைவர், வண்டிய எடுத்தா பல மணி நேரம் இறங்க முடியாது, அதனால அவரா மாத்திரைய நிறுத்திடறாரு, பிபி குறையல, நாம டோஸ ஏத்தறோம்! நைட் ஷிஃப்ட் பாக்கறவருக்கு காலை, மதியம், இரவுன்னு எழுதினா எது காலை? சுகர் மாத்திரைல சிலது சாப்பாடு தள்ளிப்போனா சுகர பாதாளத்துக்கு எறக்கிடும், சாப்பாட்டுக்கு நேரங்காலமே இல்லாத வேலைல இருக்கறவருக்கு அதையே குடுத்தா எப்படி. வெரல் மூட்டு வீங்கினவங்களால பாட்டில் மூடியவே திருக முடியாது. 2003ல உலக சுகாதார நிறுவனம் போட்ட ரிப்போர்ட்ல, பணக்கார நாடுகள்லயே நாள்பட்ட நோய்க்காரங்கள்ல பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடறாங்கன்னு இருக்கு. மீதிப் பேர் எல்லாம் அலட்சியம்னு சொல்லிட்டு போறது சுலபம். அதனால எழுதறதுக்கு முன்னாடி "உங்க ஒரு நாள் எப்படி போகும்?", திரும்ப வந்தவங்கன்னா "எந்த மாத்திரைய போட கஷ்டமா இருக்கு?" இத கேளுங்க. ரெண்டாவது கேள்விய "ஒழுங்கா போடறீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க.

கூட வந்தவர் பேஷன்டுக்கு பதிலா பேசிட்டே இருந்தார்னா, பரிசோதனை பண்ணணும்னு சொல்லி கொஞ்ச நேரம் வெளிய உக்கார வச்சுடுங்க. சில விஷயம் அப்பதான் வாயில வரும்.

அனுப்பறதுக்கு முன்னாடி "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், இந்த மாத்திரைய எப்ப எப்படி போடுவீங்க, ஒருதடவ சொல்லுங்க"ன்னு கேளுங்க. தப்பா சொன்னா உங்க விளக்கத்த மாத்தி சொல்லுங்க, ஆள திட்ட வேண்டாம்.

தெரிஞ்சுகிட்டத கேஸ் ஷீட்ல ஒரு வரி எழுதி வைங்க: "டிரைவர், வேலை முடிஞ்சு வந்துதான் மாத்திரை", "ஊசின்னா பயம்", "மகள்கிட்ட சொல்ல வேண்டாம்ங்கறார்". அடுத்த டூட்டில வர்றவர் முதல்லேர்ந்து தோண்ட வேண்டாம். வார்டுல இதுல பாதிய நர்ஸுங்க ஏற்கனவே தெரிஞ்சு வச்சிருப்பாங்க, ரவுண்ட்ஸ்ல அவங்கள கேக்கறதில்ல, அதுதான் பிரச்சன.

அட்மின்ல இருக்கறவங்க யாராவது படிச்சீங்கன்னா, நோட்டீஸ் போர்டுல "புன்னகையுடன் பேசுங்கள்" ஒட்டறத விட, கன்சல்டேஷன் ரூம் கதவ நடுவுல தட்டறத நிறுத்துங்க, டாக்டர் போன்ல வர்ற ஸ்டாக், ரிப்போர்ட் கேள்விகளுக்கு தனியா ஒரு ஆள போடுங்க.