ஜெர்மனியில் ஆன்லைனில் வாங்குகிறீர்களா? பார்சலைத் திருப்பி அனுப்பினால் மட்டும் போதாது

ஊரில் ஆன்லைனில் வாங்கும்போது நம் பயமெல்லாம் ஒன்றுதான். காசு கொடுத்த பிறகு பொருள் வருமா, வந்தாலும் பெட்டிக்குள் செங்கல் இருக்குமா? அதனால்தான் கேஷ் ஆன் டெலிவரி. டெலிவரித் தம்பி போன் அடிப்பார், பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த சந்து என்று வழி சொல்வோம், வாசலில் வைத்துப் பிரித்துப் பார்ப்போம். பிடிக்கவில்லையென்றால் "வேண்டாம்ப்பா, கொண்டு போ". அதோடு விவகாரம் முடிந்தது.

ஜெர்மனிக்கு வந்தவுடன் நமக்கெல்லாம் ஒரு இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. பல கடைகள் பொருளை முதலில் அனுப்பிவிட்டுக் காசை அப்புறம் கேட்கின்றன. 'ரெஹ்னுங்' என்று பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும். பொருள் வந்த பிறகு, பில்லில் போட்ட தேதிக்குள் வங்கி வழியாகக் கட்டினால் போதும். ஜாக்கிரதையான ஆள் யாராக இருந்தாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார். நானும் அதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆனால் நம்பிப் பொருளைக் கொடுப்பவன் கணக்கையும் கறாராக வைத்திருப்பான் என்பதை மறந்துவிடக் கூடாது.

வங்கிக் கணக்கு திறப்பது, அன்மெல்டுங் (நகராட்சியில் விலாசம் பதிவது) செய்வது, ஊர் கார்டு எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பதையெல்லாம் உங்கள் கம்பெனியோ பல்கலைக்கழகமோ சொல்லிவிடும். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன்.

முதலில் காலிங் பெல். சிரிக்காதீர்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதற்குப் பிறகு உங்கள் பெயர்தான் விலாசம். பெல்லிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் இல்லையென்றால் பார்சல்காரரைப் பொறுத்தவரை அந்தக் கட்டடத்தில் நீங்கள் இல்லை. போன் செய்து வழி கேட்கும் வழக்கமும் இல்லை. இனிஷியலா, அப்பா பெயரா, முழுப் பெயரா என்று பாஸ்போர்ட்டில் தொடங்கிய நம் குழப்பம் இங்கேயும் தொடரும். எந்தப் பெயரில் ஆர்டர் செய்கிறீர்களோ அதே பெயர் பெல்லில் இருக்கட்டும். இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. வீட்டுக்காரர் அச்சடித்த தகடு வரும்வரை ஒரு துண்டுக் காகிதமும் செலோடேப்பும் போதும். மழைக்கு மை கரையாமல் முழுதாக மூடி ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தால், உங்கள் பெயருக்குக் கீழே 'சி/ஓ' போட்டு அவர் பெயரையும் எழுத வேண்டும்.

நீங்கள் வீட்டில் இல்லையென்றால் பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போகும். யார் வாங்கி வைத்திருக்கிறார் என்று தபால் பெட்டியில் சீட்டு கிடக்கும். எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுப் பாட்டிதான் எல்லோருக்கும் பார்சல் ஆபீஸ். எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டினால் அவருக்குப் பிடிக்காது. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டிஹெச்எல்லின் பாக்ஸ்டேஷனில் பதிந்துகொள்ளுங்கள். மஞ்சள் நிற லாக்கர், எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம். வேறு நிறுவனம் கொண்டுவரும் பார்சலுக்கு மட்டும் அது உதவாது.

கடை உண்மையானதா என்று பார்க்க, பக்கத்தின் அடியில் 'இம்ப்ரெஸும்' என்ற இணைப்பைத் தேடுங்கள். நடத்துபவர் பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத கடையில் வாங்காதீர்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், திருடனுக்கும் ஒரு முகவரியைத் தட்டச்சு செய்யத் தெரியும். நுகர்வோர் மையமான ஃபெர்பிராஉஹர்ட்சென்ட்ராலே 'ஃபேக்‌ஷாப் ஃபைண்டர்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறது. கடையின் இணைய முகவரியை அதில் போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். விலை எல்லா இடத்தையும்விட மலிவு, கடைசிப் பக்கத்துக்குப் போனால் வங்கியில் முன்பணம் போடுவது தவிர வேறு வழியே இல்லை என்றால், கருவியைக்கூடக் கேட்க வேண்டாம். மூடிவிட்டுப் போய்ப் படுங்கள்.

பணம் கட்டும் வழிகளில் 'லாஸ்ட்‌ஷ்ரிஃப்ட்', அதாவது கடையே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது, கேட்கும்போது பயமாக இருக்கும். ஓடிபி இல்லாமல் எவனோ என் கணக்கில் கைவைப்பதா என்று எனக்கும் முதலில் தூக்கம் வரவில்லை. ஆனால் எடுத்த பணத்தை 8 வாரத்துக்குள் வங்கியிடம் சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். (நியாயமாகத் தர வேண்டிய பணத்தை அப்படி இழுத்துக்கொண்டால் அடுத்து என்ன வரும் என்பதைக் கீழே படியுங்கள்.) பேபாலில் விற்பவர் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. குறிப்பாக, பழைய பொருள் விற்கும் க்ளைனான்ட்சைகனில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்பீர்கள். சைக்கிளோ கட்டிலோ, நேரில் போய்ப் பார்த்து, கையில் காசு கொடுத்து எடுத்து வருவதே நல்லது. அந்த ஒரு இடத்தில் நம் ஊர்ப் புத்திதான் சரி.

இப்போது இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் திருச்சி நண்பர் ஒருவர் ரொம்ப ஜாக்கிரதையானவர். ஆன்லைன் கடைகளுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தார், விளம்பரக் குப்பை சேரக்கூடாது என்று. வந்த புதிதில், தற்காலிக அறையில் இருக்கும்போது, ஒரு கடையில் 120 யூரோவுக்குக் குளிர் ஜாக்கெட் ஆர்டர் செய்தார். ரெஹ்னுங்தான். ஜாக்கெட் வந்தது, தோளில் இறுக்கமாக இருந்தது. அதே பெட்டியில் போட்டு, கூடவே வந்த ரிட்டர்ன் ஸ்டிக்கரை ஒட்டி, தெருமுனைப் பெட்டிக்கடையில் இருக்கும் பார்சல் கவுன்டரில் கொடுத்தார். கடைக்காரர் நீட்டிய ரசீதைக் காபிக் கோப்பையோடு சேர்த்துக் குப்பையில் போட்டார். ஊர்க் கணக்கில் யோசித்தால் இதில் என்ன குறை? பொருள் அவனிடம், காசு நம்மிடம்.

குறை இருந்தது. திருப்பி அனுப்புகிறேன் என்று அவர் கடைக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பார்சல் கிடங்கில் எங்கே போய் உட்கார்ந்ததோ, கடையின் கணக்கில் அது திரும்பி வரவே இல்லை. நினைவூட்டல்கள் முதலில் அந்தத் தனி மின்னஞ்சலுக்குப் போயின, அவர் திறந்தே பார்க்காத பெட்டி. அப்புறம் 'மானுங்', அதாவது பாக்கிக் கடிதம், பழைய விலாசத்துக்குப் போனது. அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாறிவிட்டார். அடுத்து விஷயம் வசூல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இங்கே அதை இன்காஸோ என்பார்கள். நம் ஊர் வசூல் ஆட்கள் மாதிரி வீட்டு முன்னால் வந்து கத்த மாட்டார்கள். கடிதம் மேல் கடிதம் போடுவார்கள், ஒவ்வொன்றிலும் தொகை ஏறியிருக்கும்.

அவருக்கு இது தெரியவந்ததே வீடு தேடும்போதுதான். வாடகைக்கு வீடு கேட்டால் இங்கே ஷூஃபா சான்று கேட்பார்கள், நம் சிபில் மாதிரி கடன், பாக்கி விவரம் சொல்லும் தாள். பணம் கட்டி எடுத்துப் பார்த்தால், அதில் பாக்கி என்று ஒரு வரி. நல்ல சம்பளம், நிரந்தர வேலை, எதுவும் எடுபடவில்லை. வீட்டுக்காரர் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். கடைசியில் போடாத ஜாக்கெட்டுக்கு விலையும் வசூல் கட்டணமும் தாமதக் கட்டணமும் கட்டினார். ரசீது இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கட்டி முடித்த பிறகும் இப்படிப்பட்ட பதிவு சாதாரணமாக 3 ஆண்டு நிற்கும்.

எனக்கு இதில் எரிச்சல் வருவது எங்கேயென்றால், சட்டம் முழுக்க முழுக்க வாங்குபவர் பக்கம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கையில் வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்னலாம். இதற்கு 'விடர்ரூஃப்' என்று பெயர். முன்பெல்லாம் பொருளைத் திருப்பி அனுப்பினாலே போதும் என்று இருந்தது. 2014 ஜூன் 13 முதல் அப்படி இல்லை. வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பார்சலைப் பேசாமல் அனுப்பிவைப்பதோ, வாசலில் வாங்க மறுப்பதோ அதில் சேராது. பல பெரிய கடைகள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். அதைப் பார்த்துப் பழகிவிட்டுச் சின்னக் கடையில் மாட்டிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. ஆர்டர் எண், ஆர்டர் செய்த தேதி, பொருள் வந்த தேதி, உங்கள் பெயர், விலாசம், இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி. இவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடையின் பக்கத்திலேயே மாதிரிப் படிவம் இருக்கும், அதை நிரப்பினாலும் சரி. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2026 ஜூன் 19 முதல் இதற்கென்றே ஒரு பொத்தானைக் கடைகள் தங்கள் பக்கத்தில் வைத்தாக வேண்டும். சொன்ன பிறகு பொருளை அனுப்ப உங்களுக்கு இன்னொரு 14 நாள் உண்டு. கடை 14 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும், முதலில் வாங்கிய சாதாரண அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து. பொருளோ, அனுப்பியதற்கான சான்றோ கைக்கு வரும்வரை அவர்கள் பணத்தைப் பிடித்து வைக்கலாம். அதனால்தான் அந்த ரசீது. வெப்பத்தாளில் அடித்தது சீக்கிரம் வெளுத்துவிடும், அங்கேயே நின்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் செலவைச் சில கடைகள் உங்கள் தலையில் கட்டும், வாங்கும் முன்பே பாருங்கள். உங்கள் அளவுக்கென்று தைத்தது, சீல் உடைத்த சுகாதாரப் பொருள் இவற்றுக்கெல்லாம் இந்த உரிமை இல்லை. தனியாளிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் இல்லை.

பில்லை அனுப்பும் வேலையைப் பணம் வாங்கும் சேவை ஒன்றிடம் கடை விட்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் அவர்களுடைய ஆப்பில் 'திருப்பி அனுப்பிவிட்டேன்' என்று குறித்துவிடுங்கள். கடைக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது.

மானுங் வந்துவிட்டால் பயந்து பேசாமல் இருக்காதீர்கள். தர வேண்டியது என்றால் கட்டுங்கள். தர வேண்டாதது என்றால் இந்தக் கோரிக்கையை மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுதுங்கள். நீங்கள் மறுத்திருக்கும் பாக்கியை ஷூஃபாவில் அப்படியே ஏற்றிவிட முடியாது. கடிதங்கள் நண்பரின் கைக்கு வந்து, இந்த ஒன்றும் தெரிந்திருந்தால் அந்த வீடு கிடைத்திருக்கும். இன்காஸோ என்ற பெயரில் போலிக் கடிதங்களும் வருகின்றன. உண்மையான நிறுவனம் சட்டச் சேவைப் பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

மஞ்சள் உறையில் நீதிமன்றத்திலிருந்து 'மான்பெஷைட்', அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் உத்தரவு, வந்தால் அன்றைக்கே உட்காருங்கள். கோரிக்கை நியாயமா என்று நீதிமன்றம் பார்த்து அனுப்பியதல்ல அது. மறுக்க 2 வாரம், உள்ளேயே படிவம் இருக்கும், குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உங்கள் பெட்டியில் போட்டாலே உங்களிடம் சேர்ந்ததாகத்தான் கணக்கு. நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். விடுமுறைக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். வீடு மாறினால் டாய்ச்ச போஸ்டில் கட்டணம் கட்டிக் கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

ஷூஃபாவில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை இலவசமாகவே கேட்கலாம். அவர்கள் தளத்தில் காசு கேட்கும் சான்றுதான் முன்னால் நிற்கும். 'டேட்டன்கோப்பி' என்று தேடினால் இலவசப் பிரதி கிடைக்கும். வீடு தேட ஆரம்பிக்கும் முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எதுவும் புரியவில்லையென்றால் ஃபெர்பிராஉஹர்ட்சென்ட்ராலேயில் நேரம் வாங்கிக்கொண்டு காகிதங்களோடு போங்கள். கொஞ்சம் கட்டணம் உண்டு, ஆனால் பொறுமையாகக் கேட்பார்கள்.

ஊரிலிருந்து வரும் பார்சல் பற்றியும் கேட்கிறார்கள். நம் ஊர்க் கடையில் ஆர்டர் செய்து இங்கே வரவழைத்தால், 2021 ஜூலை முதல் 10 யூரோப் பொருளுக்கும் இறக்குமதி வரி உண்டு, அதைக் கட்டிக்கொடுத்ததற்கு டெலிவரி நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் போடும். வீட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ வரை வரியில்லாமல் வரும், பெட்டிக்கு மேல் உள்ளே இருப்பதை வரிசையாக, விலையோடு எழுதியிருந்தால். பால் பொருளும் இறைச்சியும் வரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் சுங்கத்திலேயே நின்றுவிடும். சாம்பார் பொடி, முறுக்கு, வத்தல் போதுமென்று அம்மாவிடம் பேக்கிங் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.