கிளினிக் திகதிக்கு முன் ஆறு கிழமை

மனநலக் கிளினிக்கில் திகதி தந்தபோது இன்னும் ஆறு கிழமை இருந்தது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு. அதுவரை எப்படித் தாங்குவது என்று பயந்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பா. "கதைக்க வேண்டாம், வா" என்பா. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடப்போம். கடலுக்குள் நட்ட தடிகளில் கொக்குகள் இருக்கும், அவற்றை எண்ணிக்கொண்டே போவேன். எண்ணும் நேரம் மட்டும் நெஞ்சு அடங்கும்.

நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்தினேன். இரவில் போனைக் குசினியில் வைத்தேன். இரண்டாம் கிழமைதான் கொஞ்சம் நித்திரை வந்தது.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, இனி இருக்கவே வேண்டாம் போல இருந்தது. அக்காவை எழுப்பினேன். 1926க்கு எடுத்தோம். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம். இந்த நிலை வந்தால் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நித்திரை, சாப்பாடு, படபடப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். கிளினிக்கில் வாய் வரவில்லை. கொப்பியை நீட்டினேன், டொக்டர் முதல் பக்கத்திலிருந்தே வாசித்தார்.