தத்துவம் சொல்லக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ராமாயணக் கதைக்கும் பாரதக் கதைக்கும் உட்பொருள் சொல்லிச் சொல்லி எனக்கு 20 வருடம் ஓடிவிட்டது. முதல் எட்டு வருடம் நான் பேசியதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை, அது என் பாக்கியம். இப்போது புதிதாகப் பேச வருகிறவர்களைக் கேட்கும்போது, நான் விழுந்த அதே குழியில் அதே உற்சாகத்தோடு விழுவதைப் பார்க்கிறேன். பெயரை மாற்றிச் சொல்வது, சுலோகத்தைத் தப்பாக உச்சரிப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், பேசப் பேச அவை சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு சில இருக்கின்றன.

மூலத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பொருள் சொல்வது

லட்சுமண ரேகை. "ரேகை என்பது மனக்கட்டுப்பாடு, சீதை அதைத் தாண்டினாள், துன்பம் வந்தது" என்று நானே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் அப்படி ஒரு கோடே கிடையாது. கம்பனிலும் கிடையாது, அங்கே ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். துளசிதாசரிடம் கோடு வருகிறது, ஆனால் சீதையைத் தூக்கிப் போகும் இடத்தில் இல்லை. இலங்கைப் பகுதியில், மண்டோதரி வாயில் வருகிறது. ராமனின் தம்பி கிழித்த சின்ன ரேகையைக்கூட உன்னால் தாண்ட முடியவில்லை, இதுதான் உன் வீரமா என்று புருஷனைக் குத்திக்காட்டுகிறாள். அதாவது அந்த ரேகை ராவணனின் கையாலாகாத்தனத்தைக் காட்ட வந்தது. நாம் அதைத் திருப்பிப் பிடித்து, பெண்கள் எதைத் தாண்டக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மூலத்தில் இல்லாத எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சேது கட்ட உதவிய அணிலும் வால்மீகியில் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் "சலமிலா அணிலும் போலேன்" என்று உருகுகிறார், கள்ளமில்லாத அந்த அணில் அளவுக்குக்கூட நான் இல்லையே என்று. அந்த அணிலுக்குத் தாராளமாகப் பொருள் சொல்லலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சீதை யார் என்று முடிவு செய்யாமல் ஆரம்பிப்பது

வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் சங்கல்ப சூரியோதயம் என்ற நாடகத்தில் ஒரே சுலோகத்தில் முழுக் கணக்கையும் போட்டுவிடுகிறார். பிறவிதான் கடல், அது சூழ்ந்த இலங்கை இந்த உடம்பு, ராவணன் மனம், பத்துத் தலையும் பத்து இந்திரியங்கள், சிறையிருக்கும் சீதை ஜீவன், சேதி கொண்டுவரும் அனுமன் குரு. சங்கரர் பெயரில் வழங்கும் ஆத்மபோதம் வேறு மாதிரிப் போகிறது: மோகக் கடலைத் தாண்டி, விருப்பு வெறுப்பு என்ற அரக்கர்களைக் கொன்று, சாந்தியோடு சேர்ந்து யோகி விளங்குகிறான். அங்கே யோகியே ராமன், சாந்திதான் சீதை. துளசிதாசரோ, காட்டு வழியில் ராமனுக்கும் லட்சுமணனுக்கும் நடுவில் நடக்கும் சீதையைப் பிரம்மத்துக்கும் ஜீவனுக்கும் நடுவே இருக்கும் மாயை போல என்கிறார்.

மூன்றும் அந்தந்த இடத்தில் சரி. நான் செய்த கூத்து, மூன்றையும் ஒரே மாலையில் கலந்தது. மான் வரும்போது சீதை ஜீவன், அதற்கு முன் மாயை, மீட்டு வந்த பிறகு சாந்தி. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, "அப்போ ராவணன் தூக்கிட்டுப் போனது ஜீவனையா, மாயையையா சார்?" என்றான். பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தேன்.

தத்துவத்தைப் போட்டுக் கேள்வியை மூடுவது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, மற்றவர் செய்யும்போதும் சரி, நான் செய்ததை நினைக்கும்போதும் சரி.

ஒரு வாராந்திர வகுப்பில் பாரதத்தின் சபா பர்வம் சொல்லிக்கொண்டிருந்தேன், திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரும் இடம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா கேட்டார்: "அத்தனை பெரியவங்க உட்கார்ந்திருந்தாங்களே, ஒருத்தர்கூடவா கேட்கலை?" நான் தயாராக வைத்திருந்ததை எடுத்து வீசினேன். அம்மா, அங்கே இருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்காதீர்கள், பாண்டவர் ஐவர் ஐம்புலன், கௌரவர் நூறு பேரும் தீய குணங்கள், திரௌபதி நமக்குள் உறங்கும் சக்தி, அந்தச் சேலை ஆணவத்தின் மடிப்புகள்... கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும், நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். அந்த அம்மா "சரிங்க" என்று சொல்லி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எந்தச் சபையை மனதில் வைத்துக்கொண்டு கேட்டாரோ தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சில வருடம் கழித்துச் சுருக்கப் பதிப்பை ஓரம் வைத்துவிட்டு அந்தப் பகுதியை முழுசாகப் படித்தேன். அவர் கேட்டதற்குப் பதில் அங்கேயே இருந்தது! ஒருவன் கேட்டிருக்கிறான். விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. தன்னையே தோற்றுவிட்ட தருமன் அவளைப் பணயம் வைக்க முடியுமா என்று அவள் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துச் சொல்கிறான், ஒருவரும் வாய் திறக்காததால் அவள் வெல்லப்படவில்லை என்று தானே தீர்ப்பும் சொல்கிறான். கர்ணன் அவனை அடக்கிவிடுகிறான். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். விதுரர் சும்மா இருக்கவில்லை. பழைய பிரகலாதன் கதை ஒன்றை எடுத்து, சபையில் அநியாயம் நடந்தால் பாவம் எப்படிப் பங்கு பிரியும் என்று கணக்கே சொல்கிறார்: பாதி சபைத் தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, கால் பங்கு கண்டிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. கையை வைத்தவனுக்கும் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் ஒரே அளவு. இதைவிட நேரான பதில் அந்த அம்மாவுக்கு வேறென்ன இருந்திருக்க முடியும்? அதை விட்டுவிட்டு ஆணவத்தின் மடிப்பை விரித்துக்கொண்டிருந்தேன். அதுபோக, நூறு கௌரவரும் தீய குணம் என்றால் விகர்ணன் எந்தத் தீய குணம்? என் பொருத்தம் அந்த ஒருத்தனைக்கூடத் தாங்கவில்லை.

சேலையைப் பற்றியிருந்த இரு கையையும் விட்டுத் திரௌபதி கண்ணனைக் கூப்பிட்டதைச் சரணாகதியின் அடையாளமாக வைணவ ஆசாரியர்கள் சொல்வார்கள், எனக்கு மிகவும் பிடித்த விளக்கம். (புனேயில் 1919 முதல் 1966 வரை உழைத்து பண்டார்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டுக் கொண்டுவந்த மகாபாரதச் செம்பதிப்பில், அவள் கண்ணனைக் கூப்பிடும் பகுதியை மூலத்தில் சேர்க்கவில்லை. அதையும் சொல்லிவிட்டே இந்த விளக்கத்துக்குள் போவேன்.) ஆனால் சபை அவளைக் கைவிட்டது, அதற்குப் பிறகுதான் அவள் கையை விட்டாள். முன்னதைப் பூசி மெழுகிவிட்டுப் பின்னதை மட்டும் சொன்னால் அங்கே சரணாகதியே கிடையாது, வெறும் வித்தை. விதுரரின் கணக்கை முதலில் சொல்லுங்கள், கேட்பவர் தன் கால் பங்கு எங்கே இருக்கிறது என்று தேடட்டும், உள்ளே போகும் வழி அங்கேதான் திறக்கிறது.

போன மாதம் ஒரு இளைஞர் சீதை தீயில் இறங்கும் இடத்தை "ஆன்மா புடம் போடப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்தார். இறங்குவதற்கு முன் வால்மீகியின் சீதை ராமனிடம், சாதாரண ஆண் ஒருவன் சாதாரணப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசுகிறாயே என்று கேட்கிறாள். அந்தப் பேச்சு எங்கே தம்பி என்றேன். புடம் போட்டதில் கரைந்துபோய்விட்டது போல.

எண்ணிக்கையைப் பொருத்துவது

கட உபநிடதத்தில் உடம்பு தேர், ஆத்மா அதில் பயணி, புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், இந்திரியங்கள் குதிரைகள். கீதையின் முதல் அத்தியாயம் அர்ஜுனன் தேருக்கு வெள்ளைக் குதிரைகள் என்கிறது, எத்தனை என்று சொல்லவில்லை. ஐம்புலனுக்காக நீங்களாக ஐந்தைப் பூட்டாதீர்கள்.

சொல்லை வெட்டுவது

"இரா வண்ணன்தான் ராவணன், இரவின் நிறம் கொண்டவன்" என்று பெயரை வெட்டிப் பொருள் சொல்கிறார்கள். கதறியதால் வந்த பெயர் என்று உத்தர காண்டமே காரணம் சொல்கிறது. கயிலைக்கு அடியில் கை நசுங்கிய கதை, படித்துப் பாருங்கள்.

எல்லாமே உருவகம்தான் என்பது

குருக்ஷேத்திரத்தை மனதுக்குள் நடக்கும் போராகக் காந்தி படித்தார், உண்மை. அரவிந்தர் 1916 முதல் 1920 வரை ஆர்யா இதழில் கீதையைப் பற்றி எழுதியபோது, பாரதம் முழுவதையும் உருவகமாக்குவதை அந்தக் காவியத்தின் மொழியே ஏற்காது என்றார். இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

புஷ்பக விமானம்

ஆகாய விமானம், அணுகுண்டு எல்லாம் உட்பொருளில் சேர்த்தி இல்லை. வேறு மேடை பாருங்கள்.