ஒரு வார வீட்டுச் செயற்பாடு: அழிறப்பரை ஒளித்து வையுங்கள்

தவணை விடுமுறை என்றாலும் சரி, மாரி வெள்ளம் ஏறிப் பள்ளிக்கூடம் பூட்டினாலும் சரி, அடுத்த நாளே வகுப்புக் குழுவில் ஒரு பீடிஎஃப் வந்து விழும்: ‘தரம் 3, ஒரு வாரத்துக்கான வீட்டுக் கற்றல் செயற்பாடுகள்’. 2020 மார்ச் 13ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது தொடங்கிய பழக்கம் இது. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஆசிரியர்களே வந்து சேர முடியாமல் போன மாதங்களில் இன்னும் ஊறிவிட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த அதே பிழைகளை, இப்போது புது நியமனத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியர்கள் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். பெற்றோரும்தான்.

பிள்ளைக்கு அடிக்காதீர்கள், ரீவியைப் போட்டுவிட்டுப் படிப்பிக்காதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாத ஆள் இதை வாசிக்கவும் மாட்டார்.

வீட்டுக்குப் பாடவேளை போடுவது

7.30க்குத் தமிழ், 8.10க்குக் கணிதம், 8.50க்குச் சுற்றாடல் என்று அட்டவணை அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் தாய் புட்டு அவித்துக்கொண்டிருப்பா. கைப்பிள்ளை அழும், வாசலில் மீன்காரர் மணி அடிப்பார். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் தேவைப்படுகிற வேலை, பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தால் கால் மணித்தியாலத்தில் முடியும். மிச்ச நேரத்தைப் பிடித்து இருத்தினால் பிள்ளை மேசையைத்தான் வெறுக்கும். நாளுக்கு ஒரு கைவேலை, கொஞ்ச வாசிப்பு, அரைப்பக்க எழுத்து. எந்த நேரம் என்பதை வீட்டுக்கு விடுங்கள்.

பிறின்ற் எடுக்கச் சொல்வது

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. பன்னிரண்டு பக்கத்தைக் கலரில் எடுக்கச் சொன்னால் எடுக்கிற வீடு எடுக்கும், எடுக்காத வீட்டுப் பிள்ளை அந்த வாரம் வெறுங்கையோடு இருக்கும். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பாடப்புத்தகம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

பனி பெய்யும் யாழ்ப்பாணம்

போன மாரியில் என் கைக்கு வந்த ஒரு செயலட்டையில் பனிமனிதன் நின்றான். கீழே ‘இந்தப் பருவத்தில் நீ என்ன உடை அணிவாய்?’ என்று ஒரு கேள்வி. வெளிநாட்டுப் பக்கம் ஒன்றிலிருந்து எடுத்து, தலைப்பை மட்டும் தமிழில் மாற்றியிருக்கிறார்கள். தரம் 2 பிள்ளை ஒன்று ‘றெயின்கோட்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

எங்களுக்கு நாலு பருவம் இல்லை. சோளகக் காற்று இருக்கிறது, வாடைக் காற்று இருக்கிறது. பழஞ்சீலையில் ஒரு துண்டைக் கிழித்து வேலிக் கதியாலில் கட்டச் சொல்லுங்கள். ஒரு கிழமைக்குக் காலையும் பின்னேரமும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று அம்புக்குறி போட்டு வரட்டும். தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுவது எந்தக் காற்றில் என்ற கேள்வியோடு வாரத்தை முடிக்கலாம்.

இலைகளை வகைப்படுத்தல் என்று போட்டு மேப்பிள் இலைப் படம் கொடுப்பதும் இதே சாதி வேலைதான். பூவரசு, வேம்பு, முருங்கை, பனை. நாலு இலை, ஒரு சுளகு. தனியிலை எது, ஒரு காம்பில் பல சிற்றிலை உள்ள கூட்டிலை எது, விளிம்பு வெட்டுப்பட்டது எது என்று பிரிக்கட்டும். முருங்கையில் எது ‘ஒரு இலை’ என்று வீட்டில் சண்டை வரும். அதுதான் பாடம்.

பிழையை அழித்துவிட்டு அனுப்புவது

மற்றப் பிழைகளால் ஒரு வாரம்தான் வீணாகும். இது பிள்ளையின் ஒரு வருசத்தைத் தின்னும். எத்தனை தரம் சொன்னாலும் நிற்பதில்லை என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தரம் 3 பிள்ளை ஒருத்தி. திங்கட்கிழமைச் செயலட்டையில் பத்துக் கழித்தல் கணக்குகள். பின்னேரமே படம் வந்துவிட்டது. பத்தும் சரி, இலக்கங்கள் கட்டத்துக்குள் அணிவகுத்து நின்றன. வகுப்பு ரீச்சர் குழுவில் எல்லாரும் பார்க்க மூன்று நட்சத்திரம் போட்டா. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அதே மாதிரி ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டால், பிள்ளை 52 - 27 = 35 என்று ஒரு கணம்கூடத் தயங்காமல் எழுதுகிறாள்.

கொப்பியை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அழிறப்பர் தேய்த்துத் தாள் மெலிந்த இடங்களில் பழைய பென்சில் தடம் அப்படியே கிடந்தது. 34 என்று எழுதியிருந்த இடத்தின் கீழே 46. அந்தக் கணக்கு 61 - 27. இன்னும் நாலு இடத்தில் இதே கதை. ஒரு தாளில் ஐந்து முறை பிள்ளை தனக்கு என்ன விளங்கவில்லை என்பதைச் சொல்லியிருக்கிறாள். ஐந்து முறையும் அதை யாரோ தேய்த்து அழித்திருக்கிறார்கள்.

தாயைக் கேட்டேன். ‘பிழையோட அனுப்பினா மற்ற அம்மாமார் என்ன நினைப்பினம், ரீச்சர்?’ என்றா. எனக்குக் கோபம் வந்தது தாயில் இல்லை, அந்த நட்சத்திரத்தில். எல்லாரும் பார்க்கிற குழுவில் சரிக்குப் பரிசு கொடுத்தால், வீடு பிழையை மறைக்கத்தான் பழகும்.

61 - 27 = 46 என்பது கவனக்குறைவால் வந்தது இல்லை. 1இலிருந்து 7 போகாது. ஆனால் 7இலிருந்து 1 போகும். பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று தரம் 1இல் நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அந்தப் பிள்ளை விசுவாசமாகப் பின்பற்றுகிறாள். தன் கணக்கில் அவள் பிழையே விடவில்லை. அதனால்தான் ‘வடிவாப் பார்த்துச் செய்’ என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. இன்னொரு பிள்ளை 38 + 47 = 715 என்று எழுதும். 8உம் 7உம் 15, 3உம் 4உம் 7, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. முதல் பிள்ளைக்குப் பத்தை உடைக்கத் தெரியாது, இரண்டாவது பிள்ளைக்குப் பத்தைக் கட்டத் தெரியாது. மருந்து வேறு வேறு. அழித்துத் திருத்திய தாளில் இரண்டு பேரும் பத்துக்குப் பத்து.

பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ரீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவா. மூன்று இலக்கக் கழித்தல் வரும், 403 - 158 வரும், நடுவில் நிற்கிற பூச்சியத்தைப் பார்த்துப் பிள்ளை திகைக்கும். அதற்குள் தரம் 4 ஆகிவிடும். ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்று வீட்டில் ஒரு பேச்சுக் கிளம்பும், ரியூசன் தேடுவார்கள். வராதது கணக்கு இல்லை, பத்தை உடைக்கிற அந்த ஒரு படி. திங்கட்கிழமைப் பின்னேரமே அதைப் பிடித்திருக்கலாம்.

வீட்டில் இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு எடுத்து விரல் நீளத்துக்கு முறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டு ஐந்து கட்டு, பக்கத்தில் தனி ஈர்க்கு இரண்டு. இது 52. ‘எனக்கு 27 தா’ என்று கையை நீட்டுங்கள். பிள்ளை இரண்டு கட்டைத் தருவாள், தனி இரண்டையும் தருவாள், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். வாயைத் திறக்காதீர்கள். தானாக ஒரு கட்டின் றப்பரைக் கழற்றும்வரை பொறுங்கள். கழற்றி ஐந்தை எண்ணித் தந்த பிறகு அவளிடம் இரண்டு கட்டும் ஐந்து தனியும் இருக்கும். அதற்குப் பிறகுதான் பென்சில். கடன் வாங்குவது என்று நாங்கள் கொப்பியில் போடுகிற அந்தச் சின்ன 1, அவள் கழற்றிய றப்பர்தான் என்று அப்போது விளங்கும். சில பிள்ளைகளுக்கு ஒரே நாளில் விளங்கும், சிலருக்குக் கிழமை முழுக்கத் தேவை. ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள்.

திட்டம் எழுதுகிற ரீச்சர்மாருக்கு: பத்துக் கணக்கு வேண்டாம், நாலு போதும். தாளின் மேலேயே ‘அழிறப்பர் பாவிக்கக் கூடாது, பிழை என்றால் ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் எழுது’ என்று போடுங்கள். பெரிய ஆள் உதவிய இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய புள்ளி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். படத்தைக் குழுவில் வாங்காதீர்கள், தனியாக வாங்குங்கள். படத்தைவிடக் குரல்பதிவு திறம். ஒரு கணக்கை எப்படிச் செய்தாய் என்று பிள்ளை அரை நிமிடம் சொல்லட்டும். ‘ரீச்சர், ரெண்டில இருந்து ஏழு போகேல்ல, அதால நான் ஏழில இருந்து ரெண்டை எடுத்தனான்’ என்று ஒரு குரல் வந்தால், நாளைக்கு என்ன படிப்பிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. பின்னால் தாய் ‘இல்லையடி, கடன் வாங்கு’ என்று குசுகுசுப்பதும் சிலவேளை கேட்கும். பரவாயில்லை, அதுவும் ஒரு தகவல்தான்.

நட்சத்திரம் போடத்தான் வேண்டும் என்றால், கோடு கீறித் தானாகத் திருத்திய இடத்துக்குப் போடுங்கள்.

தரம் 3 பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வினாத்தாள்

வேண்டாம். அது தரம் 5 பரீட்சை.

வாசிக்கும்போது குறுக்கே விழுவது

‘மழை’யை ‘மளை’ என்று வாசித்தால் உடனே பாய்ந்து திருத்துகிறோம். வீட்டில் நாங்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்? பத்தி முடியட்டும். கதையில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

மூன்று பிள்ளைக்கு மூன்று திட்டம்

தரம் 1, தரம் 3, தரம் 5 என்று மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று பீடிஎஃப் வந்தால், புதன்கிழமைக்குள் தாய் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவா. வேலை ஒன்றாக இருக்கட்டும், கேள்வியை மாற்றுங்கள். அரிசி வாளியையும் அரிசி அளக்கிற சுண்டையும் எடுத்து வையுங்கள். சின்னவர் எத்தனை சுண்டு என்று எண்ணட்டும். நடுவில் உள்ளவர் ஒரு சுண்டு எத்தனை கிராம் என்று தராசில் பார்த்து, ஒரு கிழமைக்கு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்கட்டும். கடைக்காரரிடம் தராசைக் கேட்டால் தருவார், பிள்ளைகளென்றால் இரண்டு கேள்வியும் கேட்பார். பெரியவர் கிலோ விலையிலிருந்து ஒரு சுண்டின் விலையைக் காணட்டும்.

தரம் 5 பிள்ளைக்குக் காணியும் நல்ல கணக்கு. எங்கள் ஊரில் 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்பப்பாவின் மூன்று பரப்புக் காணி ஏக்கரில் என்ன பின்னம்? அதை இரண்டு பேருக்குப் பிரித்தால்? இதைக் கேட்டால் வீட்டில் பெரியாக்கள் தாங்களாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள், சிலவேளை வேண்டாத பழைய கதைகளோடு.

கிணற்றடி

மாரியில் கிணற்றுநீர் ஏறுவதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பது அருமையான செயற்பாடு. மழை விட்ட பிறகு எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்க்கலாம். சுண்ணக்கல் நிலம் மழையை எப்படிக் கீழே இறக்குகிறது என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் திட்டத்தில் ‘பெரிய ஆள் அளக்க, பிள்ளை எழுத’ என்ற வரி இல்லாமல் இதை ஒருநாளும் அனுப்பாதீர்கள். கட்டில்லாத கிணறு உள்ள வளவென்றால் விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை

ஒன்றும் போடாதீர்கள். கரண்ட் போன நாளின் வேலை, காய்ச்சலில் விட்டது, கோயிலுக்குப் போனதால் விட்டது எல்லாம் அன்றைக்குத்தான் வந்து சேரும்.

ஞாயிறு இரவு அனுப்புவது

இரவு ஒன்பது மணிக்குத் திட்டம் வருகிறது: ‘நாளைக்கு வேண்டிய பொருட்கள்: மட்டை, பசை, நான்கு நிறக் கடதாசி.’ சந்திக் கடை பூட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை முழுக்கப் பிள்ளை பசைக்கு அழுதுகொண்டிருக்கும். வியாழக்கிழமையே அனுப்புங்கள். பொருள் பட்டியல் மேலே, செயற்பாடு கீழே. பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கை போதும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் எழுதிவிடுங்கள்.