துபாயில் மாநாடு முடிந்த மறுநாள்: அலுவல் பயணத்தோடு சொந்த விடுமுறையைச் சேர்ப்பது எப்படி?

துபாயின் கராமா பகுதியில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் தோசைக்குக் காத்திருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த ராமநாதபுரத்துத் தம்பி என் கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, "கம்பெனி வேலையா வந்தீங்களா சார், இல்ல விசிட்டா?" என்று கேட்டார். "வியாழக்கிழமை வரைக்கும் கம்பெனி, அதுக்கப்புறம் விசிட்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், இந்தப் பயணத்துக்குத் திட்டமிட வேண்டிய முறை அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. எந்த நாள் வரை அலுவலகத்தின் செலவு, எந்த நாளிலிருந்து நம் செலவு என்ற கோட்டை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கிழித்துவிட்டால் பயணத்தின் பெரும்பகுதிச் சிக்கல்கள் எழுவதே இல்லை.

அந்தக் கோட்டை வாய்மொழியாகக் கிழிக்கக் கூடாது. மாநாட்டுக்குச் செல்ல அனுமதி கேட்கும் அதே மின்னஞ்சலிலேயே, மாநாடு முடிந்த பின் இத்தனை நாள் சொந்த விடுப்பில் தங்கப் போவதாகவும், அந்த நாட்களின் அறை வாடகை, உணவு, ஊர்தி எதையும் அலுவலகத்திடம் கோரப் போவதில்லை என்றும் எழுதி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும் தேதி மாறும்போது விமானக் கட்டணமும் மாறும். ஆகவே சீட்டு எடுக்கும் அன்றே, மாநாடு முடியும் நாளில் திரும்பினால் என்ன கட்டணம், உங்கள் விருப்பப்படி மூன்று நாள் கழித்துத் திரும்பினால் என்ன கட்டணம் என்று இரண்டையும் திரையில் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் கணக்குப் பிரிவு கேள்வி கேட்டால், கூடுதல் தொகையை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கோ, கூடுதலே இல்லை என்பதற்கோ அந்தப் படங்கள்தான் சான்று. பயணக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். அலுவலகம் எடுத்துத் தரும் காப்பீடு அலுவல் நாட்களோடு முடிந்துவிடுவதுண்டு. மணல்மேட்டில் கால் பிசகுவது பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான்.

விசாவிலும் இதே கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குச் சுற்றுலா விசா 30 நாட்களுக்கும் 60 நாட்களுக்கும் கிடைக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்ற சில ஆவணங்கள் உள்ளவர்கள் துபாயில் இறங்கியதும் 14 நாள் விசா பெறலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அலுவலகத்தின் பயண முகவர் விசா எடுத்துக் கொடுக்கிறார் என்றால், மாநாட்டுத் தேதியை மட்டும் சொல்லாமல் உண்மையில் திரும்பும் தேதியைச் சொல்லுங்கள். கெடுவைத் தாண்டித் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் உண்டு.

சொந்த நாட்களை மாநாட்டுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்து ஒருமுறை நான் பட்டது போதும். முந்தின நாள் பாலைவனத்துக்குப் போய், தொப்பி இல்லாமல் நடுப்பகல் வரை மணலில் அலைந்து, மறுநாள் காலை மூக்கும் நெற்றியும் தோலுரிந்த நிலையில் மேடையேறிப் பேசினேன். அன்று கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் என் கண்ணைப் பார்க்காமல் மூக்கையே பார்த்தார்கள். அதோடு, பேச வேண்டியது பாக்கி இருக்கும்வரை மனம் ஊர் சுற்றுவதில் நிலைக்காது. ஆகவே பின்னால் வைப்பதே சரி என்பது என் முடிவு. துபாயின் வார அமைப்பும் அதற்கு ஒத்துழைக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் அரசு வாரவிடுமுறை சனி, ஞாயிறு என்றாகி, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை நாளாகிவிட்டது. மாநாடு வியாழக்கிழமை முடிந்தால், வெள்ளி ஒரு நாளுக்கு மட்டும் விடுப்பு எடுத்து மூன்று முழு நாட்களைப் பெறலாம். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பழைய கடைத்தெருக்களில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும், ஞாயிறன்று மெட்ரோ ரயில் காலை 8 மணிக்குத்தான் தொடங்கும் என்பதையும் மட்டும் நினைவில் வையுங்கள்.

மாநாட்டுத் தேதி நம் கையில் இல்லை என்பதால், பருவத்துக்கு ஏற்ப நாம்தான் வளைய வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பகலிலும் வெளியே நடக்கலாம்; பாலைவன இரவில் சட்டைக்கு மேல் ஏதாவது போர்த்தவும் வேண்டியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கடற்கரை ஊர் ஆதலால் ஈரப்பதமும் சேர்ந்து, சென்னையின் கத்திரி வெயிலைப் பழகியவரையும் திணற வைக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் நாமும் அறையிலோ அருங்காட்சியகத்திலோ இருந்துவிட்டு, விடியற்காலையையும் இரவையும் மட்டும் வெளியே செலவிடலாம். ரமலான் மாதத்தில் மாநாடு வந்தால் அலுவல் நேரம் குறுகும். பகலில் பொது இடத்தில் உண்பதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை. நோன்பு திறந்த பிறகுதான் ஊர் விழிக்கும். அந்த இரவுகளின் கலகலப்பை ரசிக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல காலமே.

அடுத்தது தங்குமிடம். ஏழு நாளும் ஒரே விடுதியில் இருந்துவிட்டால் வசதி என்று தோன்றும்; நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய கண்காட்சிகளும் மாநாடுகளும் நடக்கும் இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஷேக் சாயித் சாலையில் இருக்கும் துபாய் வேர்ல்டு டிரேடு சென்டர். 1979-இல் திறக்கப்பட்ட அதன் 39 மாடிக் கோபுரம்தான் பழைய 100 திர்ஹாம் காகிதத் தாளில் அச்சாகியிருக்கிறது. மற்றொன்று, நகரின் தென்கோடியில், 2021 அக்டோபரில் தொடங்கிய உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட எக்ஸ்போ சிட்டி. இரண்டுக்கும் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் நிலையம் உண்டு. ஆனால் பழைய நகரத்திலிருந்து எக்ஸ்போ சிட்டி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மாநாட்டு நாட்களில் அரங்குக்கு நடந்து போகும் தூரத்திலோ சிவப்புத் தடத்தை ஒட்டியோ தங்குங்கள். மாநாடு முடிந்த அன்று மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய நகரத்துப் பகுதிகளான பர் துபாய்க்கோ தேராவுக்கோ மாறிவிடுங்கள். கண்காட்சி வாரத்தில் அரங்கைச் சுற்றியுள்ள விடுதிகளில் வாடகை ஏறும் என்பது ஒரு காரணம். பில் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒருமுறை நான் ஒரே விடுதியில் தங்கி, கிளம்பும்போது எல்லா இரவுக்கும் சேர்த்து ஒரே பில்லை வாங்கி வந்துவிட்டேன். மாநாட்டுக்காரர்களுக்கான சலுகைக் கட்டணம் கடைசி அமர்வு நாளோடு முடிந்து, அதற்குப் பின் வேறு கட்டணம் போட்டிருந்தார்கள்; அதை ஊருக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். எந்த இரவு யாருடையது என்று கணக்குப் பிரிவுக்கு விளக்கி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. மாறாமல் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சலுகைக் கட்டணம் எத்தனை நாள் நீளும் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்திறங்கியதும் வரவேற்பு மேசையில் இரண்டு தனித்தனி பில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வோர் இரவுக்கும் விடுதியின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம் வரை 'டூரிசம் திர்ஹாம்' என்ற கட்டணம் உண்டு. இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதை விடுதியில் தனியாகக் கேட்பதுண்டு.

பெட்டி கட்டும்போது அம்மா தரும் மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் கலந்திருந்தால்கூட வேண்டாம். கோடீன், டிரமடால் போன்றவை சேர்ந்த வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவை தேவைப்படுபவர்கள் மருத்துவரின் சீட்டோடு, அந்நாட்டு அரசிடம் முன்கூட்டியே இணையவழி அனுமதி பெற வேண்டும். அங்குள்ள மின்செருகி பிரிட்டிஷ் முறையிலான சதுர மூன்று முனை வகை. நம் ஊர் மடிக்கணினி சார்ஜர் அதில் நுழையாது. பாலைவன ஊருக்குப் போகிறோம் என்று பருத்திச் சட்டைகளாக அடுக்கும்போது ஒரு ஸ்வெட்டரையும் வையுங்கள். மாநாட்டு அரங்குகளின் குளிர்சாதனத்தில் பிற்பகல் அமர்வுகள் ஊட்டியில் நடப்பது போலிருக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் அழைப்புகள் அங்கே தடுக்கப்பட்டிருப்பதால், வீட்டாரிடம் வேறு எந்த வழியில் பேசுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

மாநாட்டு மாலைகளை முழுவதும் ஊர் சுற்றலுக்கு ஒதுக்காதீர்கள். வேலைக்கு உதவும் அறிமுகங்கள் பெரும்பாலும் தேநீர் இடைவேளையிலும் இரவு விருந்திலும்தான் கிடைக்கின்றன. ஒரே ஒரு மாலையை மட்டும் புர்ஜ் கலீஃபாவுக்குக் கொடுக்கலாம். டிரேடு சென்டர் நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். இறங்கிய பிறகு நீண்ட குளிரூட்டப்பட்ட நடைபாலம் இருப்பதால் கூடுதலாகக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். 828 மீட்டர் உயரக் கட்டடத்தில் சூரியன் மறையும் நேரத்துக்கான சீட்டு மற்ற நேரத்தைவிட விலை கூடியது, சீக்கிரம் தீர்ந்தும் விடும். மெட்ரோவில் சூயிங்கம் மென்றாலோ தண்ணீர் குடித்தாலோகூட அபராதம் என்பது நினைவிருக்கட்டும்.

உங்கள் முதல் சொந்த நாளை, பழைய நகரத்தின் நடுவே ஓடும் 'துபாய் க்ரீக்' என்ற உப்பங்கழியின் கரைக்குக் கொடுங்கள். அலுவலக மடிக்கணினியை அறைப் பெட்டகத்தில் பூட்டி, மின்னஞ்சலில் விடுப்புப் பதிலை வைத்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் அல் ஃபஹிதி பழைய குடியிருப்புக்குப் போய்விடுங்கள். பவளக் கல்லும் ஜிப்சமும் கொண்டு, பாரசீகக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. வீட்டுக்கு மேல் புகைபோக்கி போல எழுந்திருக்கும் சதுரக் கோபுரம்தான் காற்றுப் பிடிப்பான், 'பர்ஜீல்' என்பார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு சுவர்கள் குறுக்கிட்டு, கோபுரத்தை நான்கு குழாய்களாகப் பிரித்திருக்கும். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் அந்தப் பக்கத்துக் குழாய் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். எதிர்ப்பக்கத்துக் குழாய் வெப்பக் காற்றை வெளியேற்றும். மின்சாரம் இல்லாத காலத்தில் இந்த ஊரில் எப்படி உறங்கினார்கள் என்பது அங்கே நின்றால் புரியும். பிறகு படித்துறைக்கு நடந்து, 1 திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் தேராவுக்குக் கடந்து விடுங்கள். படகில் பலகையின் விளிம்பில் அமர்ந்து போகும் அந்தச் சில நிமிடங்கள், என் கணக்கில், துபாயிலேயே பணத்துக்கு அதிகம் கொடுக்கும் பொழுதுபோக்கு.

இரண்டாம் நாள் பாலைவனம். விற்பனையாகும் பயணங்கள் பெரும்பாலும் மாலை நேரத்தவை: நான்கு சக்கர இழுவை வண்டியில் மணல்மேடுகளில் ஏறி இறங்குதல், சூரிய மறைவு, கூடாரத்தில் மருதாணி, நடனம், சுட்ட இறைச்சியோடு விருந்து. இரும்பு ஆக்சைடால் சிவந்த லஹ்பாப் மணற்பகுதிக்குத்தான் பல வண்டிகள் போகின்றன. தார்ச்சாலை முடியும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி, நான்கு சக்கரத்திலும் காற்றைச் சீறவிட்டுக் குறைப்பார். காற்று குறைந்த டயர் அகலமாகப் பரந்து மணலில் புதையாமல் போகும். திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி காற்றடிப்பார்கள். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வண்டி ஓட்டத்தைத் தவிர்த்து, நேரே கூடாரத்துக்கு அழைத்துப் போகச் சொல்லலாம். கூட்டமும் ஒலிபெருக்கியும் வேண்டாதவர்களுக்கு என் யோசனை விடியற்காலைப் பயணம். துபாய் பாலைவனப் பாதுகாப்பு வனத்துக்குள் அனுமதி பெற்ற நிறுவனத்தின் வழியாகப் போனால், நீண்ட கொம்புள்ள வெள்ளை ஓரிக்ஸ் மான்களைக் காண வாய்ப்புண்டு. இரவில் பூச்சியும் பல்லியும் மணலில் எழுதிவிட்டுப் போன தடங்கள் வெயில் ஏறும்வரை கலையாமல் இருக்கும்.

மூன்றாம் நாள் அபுதாபி போகலாம். 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்துக் கோயிலும் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலும் ஒரே நாளில் முடியும். இரண்டிலும் கையையும் கணுக்கால் வரை காலையும் மறைக்கும் உடை வேண்டும்; பள்ளிவாசலில் பெண்கள் தலையையும் மூட வேண்டும்.

கிளம்பும் முன் தங்கக் கடைத்தெருவில் கால் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவுக்குள் தீர்வையின்றி நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கு மட்டுமே உரியது. ஒரு வார மாநாட்டுப் பயணி அதில் வரமாட்டார். வீட்டிலிருந்து அணிந்து செல்லும் நகை கனமானதாக இருந்தால், புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறிய பிறகு கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, முதல் விடுதியின் பில்லையும் போகும்போது பயன்படுத்திய போர்டிங் பாஸையும் ஒரு உறையில் போட்டு, மேலே 'வியாழன் வரை' என்று எழுதுங்கள். திங்கட்கிழமை கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டியது அந்த உறை மட்டுமே.