வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா: பலகைச் சுவர் வீட்டுக்காரர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மலேசியத் தோட்டங்களின் பழைய லயன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நிற்பது விரல் தடிமன் பலகை. அந்தப் பக்கம் பாட்டி இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு டவுனுக்கு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்களுக்குச் செங்கல் சுவர் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் உள் தடுப்பு, கதவு, சன்னல் எல்லாம் மெல்லியவைதான். அதனால் நம் ஊரில் தோட்டா வாங்கும்போது, திருடனை அது தடுத்து நிறுத்துமா என்று மட்டும் பார்த்தால் போதாது. குறி தவறினால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

லைசென்ஸோடு முதல் தடவையாகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் தோட்ட நிர்வாகிகள், சம்பளப் பணம் கொண்டுபோகும் குத்தகைக்காரர்கள், அடகுக்கடை, நகைக்கடை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

படி 1: லைசென்ஸ் தாளை முதலில் வாசியுங்கள்

கடைக்குப் போகும் முன் லைசென்ஸை மேசையில் விரித்து வைத்து மூன்று விஷயம் பாருங்கள்: துப்பாக்கியின் வகையும் காலிபரும் (குழல், தோட்டா அளவு), எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கை, காலாவதித் தேதி. எண்ணிக்கைக்கு மேல் ஒரே ஒரு தோட்டா மேசை இழுப்பறையில் கிடந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத தோட்டாதான். ஆயுதச் சட்டம் 1960, பிரிவு 8இன் கீழ் அதற்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். துப்பாக்கியே சட்டவிரோதமாக இருந்தால் 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டம் வருகிறது: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. தாத்தா காலத்துத் தகர டப்பாவில் பழைய தோட்டாக்கள் கிடைத்தால் ஆசையாக எடுத்து வைக்காதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள்.

தற்காப்பு உரிமையைக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தருகின்றன. அதில் 99ஆம் பிரிவைக் கட்டாயம் வாசியுங்கள்: தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. வேலி தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது.

படி 2: துப்பாக்கி எந்தத் தோட்டாவைக் கேட்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகம் உண்டு: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், நுனியில் குண்டு. தோட்டாவை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் சின்னப் பொட்டு போல இருப்பது ப்ரைமர். அதைச் சுற்றி வட்டமாகப் பொறித்திருக்கும் எழுத்துகளில்தான் தயாரித்த நிறுவனமும் காலிபரும் இருக்கும். அந்தக் காலிபர் துப்பாக்கிக் குழலிலோ ஸ்லைடிலோ (மேலே முன்பின் நகரும் பாகம்) பொறித்திருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அதிகம் குழப்புவது 9 மில்லிமீட்டர். 9×19 என்பதும் 9 மிமீ லூகர், 9 மிமீ பாராபெல்லம் என்பதும் ஒன்றே. 9×18 மக்காரோவ் வேறு. 9×17 என்பது .380 ஏசிபி. அதன் பெட்டியில் ‘9 மிமீ ஷார்ட்’, ‘9 மிமீ குர்ஸ்’ என்றும் போட்டிருக்கும். பெட்டியில் 9 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கதை கெட்டது.

நம் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து பழைய .38 ரிவால்வர்கள், அதாவது சுழலும் சிலிண்டரில் தோட்டா போடும் கைத்துப்பாக்கிகள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்கள் கேட்பது .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற குட்டையான தோட்டா. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் அது இல்லை. .38 எஸ் அண்ட் டபிள்யூவின் கூடு .38 ஸ்பெஷலைவிடச் சற்றுப் பருமன். ஸ்பெஷல் அதைவிட நீளம். அந்தக் காலத்து ரிவால்வர்கள் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறைகளைப் பிறகு துளைத்து நீட்டியிருப்பார்கள். அவற்றில் ஸ்பெஷல் உள்ளே போய்விடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அறை அகலமாக இருப்பதால் கூடு நடுவில் உப்பும், சில நேரம் நெடுக்காகக் கிழியும். சுட்ட கூடு பானை வயிறு போல உப்பியிருப்பதைப் பார்த்தால் அதோடு நிறுத்திவிட்டு ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோங்கள்.

பெட்டியில் பிளஸ் பி என்று இருந்தால் அழுத்தம் கூடிய தோட்டா என்று பொருள். சாதாரண .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, பிளஸ் பி 20,000. 9 மில்லிமீட்டரில் 35,000, பிளஸ் பி 38,500. துப்பாக்கியின் கையேடு பிளஸ் பியை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிவால்வரில் வேண்டவே வேண்டாம்.

படி 3: எந்த வடிவக் குண்டு?

வீட்டுக் காவலுக்கு மூன்று வடிவம் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, செப்பு உறை முழுதாகப் போர்த்திய உருண்டை மூக்குக் குண்டு, அதாவது ஃபுல் மெட்டல் ஜாக்கெட். விலை குறைவு, மேகசினிலிருந்து (தோட்டா அடுக்கும் பெட்டி) தோட்டா ஏற்றும் பிஸ்டலில் தடங்கலில்லாமல் ஏறும், பயிற்சிக்கு நல்லது. ஆனால் உடலில் விரியாது, நேராக ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட். ஈரத்தசையில் பட்டதும் குழிக்குள் அழுத்தம் ஏறிக் குண்டு குடை போல விரிகிறது. விரிந்ததால் வேகம் சீக்கிரம் தணிகிறது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ 1986 ஏப்ரல் 11 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு தோட்டாக்களைச் சோதிக்கும் முறையை வகுத்தது. உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டக்கூடாது. உறை போர்த்திய 9 மில்லிமீட்டர் குண்டு அதே கட்டியில் இரண்டு அடியைத் தாண்டும். வீட்டுக்குள் ஹாலோ பாயிண்டை நாம் பரிந்துரைப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான். லைசென்ஸ் அனுமதிக்கும், உரிமம் பெற்ற கடை விற்கும் தோட்டாக்களுக்குள்தான் இந்தத் தேர்வு என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மூன்றாவது ரிவால்வருக்கு மட்டும்: மூக்கே இல்லாமல் தட்டையாக வெட்டிய, 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டர். உதை மென்மை, துளை சுத்தம். இரண்டு அங்குலக் குழல் ரிவால்வரில் வேகம் போதாமல் ஹாலோ பாயிண்ட் பல நேரம் விரியாமலே போகும். அந்தக் குட்டை ரிவால்வருக்கு வாட்கட்டர் நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து. தட்டை மூக்கு என்பதால் அவசரத்தில் அறைக்குள் நழுவிப் போகாது. மீண்டும் நிரப்பும் பயிற்சியை அதே தோட்டாவோடு செய்யுங்கள்.

படி 4: எடை

குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 15.4 கிரெய்ன் ஒரு கிராம். 9 மில்லிமீட்டரில் 115, 124, 147 என்று கிடைக்கும், சுமார் 7.5, 8, 9.5 கிராம். 115 விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும், 147 சுமார் 300. புதியவர்கள் 124இல் தொடங்கலாம், பெரும்பாலான பிஸ்டல்கள் அதோடு ஒத்துப்போகும். .38 ஸ்பெஷலில் 158 கிரெய்ன் பழைய அளவு. குறி பார்க்கும் அமைப்பு அசையாத ரிவால்வர்கள் பலவற்றை அந்த எடைக்குத்தான் சரிசெய்திருப்பார்கள். 110 கிரெய்ன் போட்டால் குண்டு குறிக்குக் கீழே படும். மிக இலேசான ரிவால்வரில் கனமான ஈயக் குண்டு போட்டால் வேறொரு சிக்கல்: உதையின் வேகத்தில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும்.

படி 5: சுவர்களை நடந்து பாருங்கள்

அவசரப்பட்டுத் தாண்டிவிடக்கூடாத படி இது. பலர் நினைப்பது போல ஹாலோ பாயிண்ட் பலகையில் நின்றுவிடாது. பலகையையோ ஜிப்சம் தடுப்பையோ துளைக்கும்போது மரத்தூளும் பொடியும் மூக்குக் குழியில் அடைத்துக்கொள்ளும். குழி அடைந்தால் விரியாது. பிறகு அது உறை போர்த்திய குண்டு போலவே பறக்கும். 9 மில்லிமீட்டர் குண்டு மென்மரத்தைப் பல அங்குலம் துளைக்கக்கூடியது, லயன் பலகை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. திருடன் மேல் படும் ஹாலோ பாயிண்ட் அவன் உடலில் நிற்க வாய்ப்பு அதிகம். படாமல் போகும் குண்டு, அது எந்தக் குண்டாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்குள் போகும்.

எனவே பகலிலேயே, துப்பாக்கியைத் தொடாமல், வீட்டுக்குள் நடந்து பாருங்கள். கள்வன் வரக்கூடிய வாசல் எது, நீங்கள் நிற்கும் இடம் எது, அந்தக் கோட்டின் பின்னால் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் கட்டில், பூசை அறை, அண்டை வீட்டுச் சமையல்கட்டு எதுவும் அந்தக் கோட்டில் வரக்கூடாது. முழுச் செங்கல் சுவர் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். காற்று வரத் துளை விட்ட கல்லை நம்பாதீர்கள். எந்தக் கோணமும் சரிப்படவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் பொருத்தமான தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. நல்ல கிரில், உள்தாழ்ப்பாள், வாசல் விளக்கு, 999 என்ற அவசர எண் இவைதான் அந்த வீட்டின் காவல்.

படி 6: சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்

பிஸ்டல் ஒரு தோட்டாவை ஏற்கும், இன்னொன்றைக் கக்கும். அகன்ற மூக்கு ஹாலோ பாயிண்ட் ஏறுமிடத்தில் முட்டி நின்றுவிடுவது வழக்கமான கோளாறு. துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் 200 தோட்டா சுட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நம் லைசென்ஸ் எண்ணிக்கையில் அது கட்டுப்படியாகாமல் போகலாம். குறைந்தபட்சம் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் ஒவ்வொரு மேகசினையும் உங்கள் காவல் தோட்டாவால் இரண்டு முறை நிரப்பிச் சுடுங்கள். ஒன்று சிக்கினாலும் அந்த வகையை மாற்றுங்கள். மீதிப் பயிற்சியை அதே எடையுள்ள மலிவுத் தோட்டாவால் செய்யலாம்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. வழக்கமான சத்தம் இல்லாமல் புஸ்ஸென்று போனால் இன்னும் ஆபத்து. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். எல்லாத் தோட்டாவையும் இறக்கி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பாருங்கள்.

படி 7: புழுக்கத்திலிருந்து காப்பது

நம் ஊர் ஈரக் காற்று பித்தளையைத் தின்னும். தோட்டாவைத் தோல் வாரில் செருகி வைப்பது பெரிய தவறு. தோல் பதனிடும் அமிலம் பித்தளையோடு சேர்ந்து, வார் தொட்ட இடத்தில் பச்சை நிறப் பிசினாகக் கூட்டைச் சுற்றி ஒட்டும். துடைத்தாலும் அடியில் குழி விழுந்திருக்கும். அந்தத் தோட்டா அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வாங்கிய பெட்டியிலேயே, ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். தகரக் கூரைக்கு அடியிலோ கார் டேஷ்போர்டிலோ வேண்டாம். தோட்டாவுக்கு எண்ணெய் பூசவே கூடாது. துருப் போக்கும் ஸ்ப்ரே ப்ரைமருக்குள் ஊறி அதைச் செத்துப்போகச் செய்துவிடக்கூடும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டால் அறையைத் துணியால் உலரத் துடைத்துவிட்டுத் தோட்டா ஏற்றுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டில் இருக்கட்டும். சாவிக்கொத்து சுவர் ஆணியில் தொங்கக்கூடாது. தோட்டா தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோறு, ஈயம் வயிற்றுக்குள் போகக்கூடாது.

படி 8: பழசை ஒதுக்குவது

பிஸ்டலில் ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் அதன் மூக்கு ஏறுமிடத்தில் இடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும் அழுத்தம் எகிறும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்து, சந்தேகப்படும் தோட்டாவோடு கண்ணாடி மேசையில் ஜோடியாக நிறுத்துங்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து, இரண்டின் தலைக்கும் குறுக்கே ஒரு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் குள்ளமானதை ஒதுக்கிவிடுங்கள். பச்சை பிடித்தது, பள்ளம் விழுந்தது, எண்ணெயில் நனைந்தது எல்லாவற்றுக்கும் அதே கதிதான். ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் வேலையோடு சேர்த்து, மேகசினில் இருப்பதைச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

ஒதுக்கிய தோட்டாவைக் குப்பையில் போடக்கூடாது, ஆற்றில் வீசக்கூடாது, தீயில் எறியவே கூடாது. எண்ணி, ஒரு தாளில் குறித்து, லைசென்ஸோடு காவல் நிலையத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் சான்று வாங்கி லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.